தலைக்கு மேல் பத்து டன்: காற்றழுத்தம் என்னும் அந்த எண்

மொபைலில் வானிலைச் செயலியைத் திறந்தால் வெப்பநிலை பெரிய எழுத்தில் இருக்கும், மழை வருமா வராதா என்பது அதற்குக் கீழே இருக்கும், இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஒரு மூலையில் ‘அழுத்தம் 1009’ என்று ஓர் எண் கிடக்கும். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வெப்பநிலை 38 என்றால் உடம்புக்கே புரிகிறது, ஈரப்பதம் 90 என்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு சொல்லிவிடுகிறது, ஆனால் இந்த 1009 நாளைக்கு 1005 ஆனாலும் 1015 ஆனாலும் நமக்கு எங்கேயும் தெரிவதில்லை. இருந்தும் வானிலை வரைபடம் வரைகிறவர்கள் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது? காற்றுக்கு எடை உண்டு. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள சாதாரண அறையில் இருக்கும் காற்றைத் தராசில் வைக்க முடிந்தால் 43 கிலோ வரும், அதாவது ஒரு பள்ளிக்கூடப் பையன் எடை. இப்படியே தலைக்கு மேலே காற்று தீர்ந்துபோகும் உயரம் வரை அடுக்கிக்கொண்டே போனால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இந்தச் சுமைதான் காற்றழுத்தம். கடல்மட்டத்தில் இதன் சராசரி மதிப்பாக உலகம் ஒப்புக்கொண்டிருப்பது 1013.25 ஹெக்டோபாஸ்கல். பழைய ஆட்கள் மில்லிபார் என்பார்கள், இரண்டும் ஒன்றேதான், எண் மாறாது. பாதரசக் கணக்கில் சொன்னால் 760 மில்லிமீட்டர்.

உடனே கேள்வி வரும். நம் உடம்பின் மேற்பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் 18 டன் சுமையைத் தூக்கிக்கொண்டா நடமாடுகிறோம்? ஏன் நசுங்கவில்லை? பள்ளியில் இதற்கு ‘பழகிவிட்டது’ என்று பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது பதிலே கிடையாது. பழக்கத்தால் யாரும் 18 டன்னைத் தாங்க முடியாது.

காற்று மேலிருந்து கீழே மட்டும் அழுத்துகிற மூட்டை போன்ற பொருளாக இருந்தால் நசுங்கித்தான் போயிருப்போம். ஆனால் காற்று என்பது எல்லாத் திசையிலும் ஓடி மோதிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம். சாதாரண வெப்பநிலையில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு 500 மீட்டர் அளவு வேகத்தில் பறக்கிறது, துப்பாக்கிக் குண்டு வேகம் என்றே சொல்லலாம். இவை மேசையின் மேல்பக்கத்தில் மோதுகிற அதே பலத்தோடு அடிப்பக்கத்திலும் மோதுகின்றன, உள்ளங்கையில் மோதுவது போலவே புறங்கையிலும் மோதுகின்றன. உடம்பின் உள்ளே நுரையீரலில், காதின் உட்குழியில், சைனஸ் அறைகளில் இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் உள்ளே இருந்து வெளியே தள்ளுகிறது. மீதி உடம்பு பெரும்பாலும் நீர், அதைச் சுலபத்தில் அமுக்க முடியாது. இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் நிகரமாக ஒன்றும் நடக்காது. காற்றழுத்தத்தைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: அழுத்தம் எவ்வளவு என்பது அநேகமாக எதையும் செய்வதில்லை, இங்கேயும் அங்கேயும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் வேலையைச் செய்கிறது.

இதே இடத்தில் இன்னொரு நியாயமான சந்தேகமும் உண்டு. தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடைதான் அழுத்தம் என்றால், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கூரை அந்த எடையைத் தாங்கிக்கொள்ளாதா? அறைக்குள் அழுத்தம் குறைய வேண்டாமா? குறையாது. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக உள்காற்றும் வெளிக்காற்றும் தொடர்பில் இருக்கின்றன, வெளியே இருக்கும் அழுத்தம் உள்ளேயும் வந்துவிடுகிறது. சரி, துளி இடுக்கு இல்லாமல் அடைத்துவிட்டால்? அப்போதும், அடைக்கும் நேரத்தில் காற்று எவ்வளவு அமுங்கி இருந்ததோ அதே இறுக்கத்தில் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அமுக்கிய சுருள்வில்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் அமுக்கிய கையை எடுத்த பிறகும் அது பெட்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும் அல்லவா, அதுபோல. ராபர்ட் பாயில் 1660களில் காற்றின் இந்தக் குணத்துக்கு வைத்த பெயரே சுருள்வில் என்பதுதான்.

எடை என்று பார்த்தாலும் மோதல் என்று பார்த்தாலும் ஒரே எண்தான் வருகிறது. ஆனால் மனிதர்களுக்கு இது விளங்க எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பது தனிக் கதை. கிணற்றிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் நீர் இறைத்தவர்களுக்கு ஒரு நடைமுறைத் தொல்லை இருந்தது, உறிஞ்சும் பம்பு எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது. ‘இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது, அதனால் நீர் மேலே ஓடி வந்து நிரப்புகிறது’ என்பதுதான் அன்றைய விளக்கம். அப்படியானால் இயற்கையின் வெறுப்பு சரியாகப் பத்து மீட்டரோடு ஏன் தீர்ந்துபோகிறது? கலிலியோவே இதைப் பற்றி யோசித்தார், தண்ணீர்த் தூண் தன் எடையாலேயே கயிறு அறுவதுபோல அறுந்துவிடுகிறது என்று ஒரு விளக்கமும் சொன்னார். அது தவறு.

விடையைக் கண்டுபிடித்தவர் கலிலியோவின் கடைசி மாதங்களில் அவரோடு இருந்த இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி. தண்ணீரை விட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டால் பத்து மீட்டர்க் குழாய் தேவையில்லை, ஒரு மீட்டர் போதும். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் உள்ள தொட்டியில் தலைகீழாக நிறுத்தினால், அது கொஞ்சம் இறங்கி 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. மேலே காலியிடம். 1644 ஜூனில் நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், நாம் காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று டாரிசெல்லி எழுதினார். குழாயின் மேலே இருக்கும் வெற்றிடம் எதையும் இழுக்கவில்லை, தொட்டியின் மேற்பரப்பில் வெளிக்காற்று அழுத்துகிறது, அந்த அழுத்தம்தான் பாதரசத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தராசின் ஒரு தட்டில் 76 சென்டிமீட்டர்ப் பாதரசம், இன்னொரு தட்டில் வளிமண்டலம் முழுவதும்.

சோதித்துப் பார்க்கும் வழியை யோசித்தவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். காற்றுக் கடல் என்பது உண்மையானால் மலை ஏறினால் ஆழம் குறைய வேண்டும், பாதரசமும் இறங்க வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை, மலையும் தொலைவில், எனவே மைத்துனர் பெரியேயிடம் வேலையை ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19ஆம் தேதி பெரியே நடு பிரான்சில் இருக்கும் புய் த தோம் என்னும் மலையில் குழாயோடு ஏறினார், அடிவாரத்தில் ஓர் ஆளை இன்னொரு குழாய்க்குக் காவல் வைத்துவிட்டுப் போனார், அது நாள் முழுவதும் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு. உச்சியில் பாதரசம் சுமார் எட்டு சென்டிமீட்டர் இறங்கி நின்றது. கீழே இருந்தது அசையவில்லை. அந்தக் காவல் குழாய்தான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி, மேலே போனது குறைந்தது என்பது மட்டும் போதாது, அன்றைக்குக் கீழே எதுவும் மாறவில்லை என்பதும் தெரிய வேண்டும் அல்லவா. இன்று அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கல் என்று பெயர் இருப்பது சும்மா இல்லை.

‘உறிஞ்சுதல்’ என்ற சொல்லே ஒரு விதத்தில் பொய் என்பதும் இதிலிருந்து தெரியும். ஸ்ட்ரா வைத்துக் குடிக்கும்போது நாம் எதையும் இழுப்பதில்லை, வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம், வெளிக்காற்று பானத்தை மேலே தள்ளிவிடுகிறது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஸ்ட்ராவில் தண்ணீர் குடிக்க முடியாது. மூச்சை உள்ளே இழுப்பதும் அப்படியே, உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் விரிகிறது, உள்ளே அழுத்தம் சற்றே குறைகிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயர் கெரிக்கே 1650களில் நடத்திய பெரிய வித்தையும் இதுதான். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார், பக்கத்துக்கு எட்டுக் குதிரை கட்டி இழுத்தும் பிரியவில்லை. அரை மீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் இரண்டு டன் பலம் வரும். ஒரு பக்கக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அந்த முனையைச் சுவரில் கட்டியிருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும், எட்டுக் குதிரைக்குத் தீவனம் மிச்சம். ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பதினாறு குதிரை என்பதில்தானே ருசி.

சரி, உயரத்துக்கு வருவோம். காற்றை அமுக்க முடியும் என்பதால் அடியில் அது நெருக்கமாக இருக்கிறது, மேலே போகப் போக மெலிகிறது. கடல்மட்டத்துக்கு அருகில் எட்டு மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இன்றைய பல மொபைல்களுக்குள் கடுகளவு அழுத்த உணரி ஒன்று இருக்கிறது, ஒரு மாடி ஏறினாலே அதற்குத் தெரிந்துவிடும். அதற்கான செயலியைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் போய்ப் பாருங்கள், எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும், டாரிசெல்லி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இங்கேதான் வானிலைச் செயலியின் எண்ணில் ஒரு சூட்சுமம். 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மலையூரில் உண்மையான அழுத்தம் 795 அளவில்தான் இருக்கும். ஆனால் செயலி 1014 என்று காட்டும். பொய் சொல்கிறதா? இல்லை, ‘இந்த ஊர் கடல்மட்டத்தில் இருந்திருந்தால் எவ்வளவு இருக்கும்’ என்று திருத்திக் காட்டுகிறது. அப்படித் திருத்தாவிட்டால் வானிலை வரைபடத்தில் மலைத்தொடர்கள் எல்லாம் நிரந்தரப் புயல்களாகத் தெரியும், சமவெளியையும் மலையையும் ஒப்பிடவே முடியாது. மொபைலின் உணரி காட்டும் எண்ணும் செயலி காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான். முதலாவது நீங்கள் நிற்கும் இடத்தின் உண்மை அழுத்தம், இரண்டாவது கடல்மட்டத்துக்கு இறக்கிய அழுத்தம்.

உயரத்தில் உடம்புக்கு வரும் தொல்லைகளும் வித்தியாசத்தின் கணக்குத்தான். எவரெஸ்டில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள், சதவீதத்தில் பார்த்தால் அங்கேயும் அதே 21தான். ஆனால் ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போவதற்கு இந்தப் பக்கம் கூடுதல் அழுத்தம், அந்தப் பக்கம் குறைவு என்ற சரிவு வேண்டும், மொத்த அழுத்தம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது அந்தச் சரிவும் சுருங்கிவிடுகிறது. விமானத்துக்குள் இதனால்தான் காற்றை அமுக்கி வைக்கிறார்கள், ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு வைப்பதில்லை, பொதுவாக 1800 முதல் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்ற அழுத்தம்தான் உள்ளே இருக்கும். இறங்கும்போது காது அடைப்பது, மேலே குடித்து மூடி வைத்த தண்ணீர் பாட்டில் தரைக்கு வந்ததும் நெளிந்து கிடப்பது எல்லாம் அந்த மிச்ச வித்தியாசம்.

தண்ணீர் கொதிப்பதும் அப்படியே. கொதிப்பது என்றால் நீருக்குள் உண்டாகும் ஆவி வெளிக்காற்றின் அழுத்தத்தை ஜெயித்துக் குமிழாக எழுவது. வெளியழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே ஜெயித்துவிடும், 2000 மீட்டரில் 93 டிகிரி, எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரி அளவு. 19 கிலோமீட்டர் உயரத்தில் 37 டிகிரியிலேயே, அதாவது நம் உடம்புச் சூட்டிலேயே நீர் கொதித்துவிடும், அழுத்த உடை இல்லாமல் அங்கே யாரும் பிழைக்க முடியாது. பிரஷர் குக்கர் இதைத் தலைகீழாகச் செய்கிறது, உள்ளே அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 120 டிகிரி வரை நீரைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைக்கிறது.

இதுவரை சொன்னது செங்குத்து வித்தியாசம். வானிலை என்பது கிடைமட்ட வித்தியாசம், அது வேறு உலகம்.

மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம் என்றால் கீழே இருக்கும் காற்று சூறாவளியாக மேலே பாய வேண்டாமா? எட்டு மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சாதாரண வித்தியாசம் இல்லை. ஆனால் பாயாது, ஏனென்றால் மேலே தள்ளும் அந்த விசையும் காற்றின் சொந்த எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கின்றன. பக்கவாட்டில் அப்படிச் சரிக்கட்ட எடை என்று ஒன்று கிடையாது. அதனால் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் இருந்தாலே காற்று நகரத் தொடங்கிவிடும். உயரத்தில் இருக்கும் சரிவோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதற்கே காற்று வீசுகிறது. வரைபடத்தில் ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அவை நெருக்கமாக இருக்கும் இடத்தில் காற்று பலமாக அடிக்கும், அகன்று இருந்தால் அமைதி. நில வரைபடத்தில் உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு என்று படிப்பது போலத்தான்.

ஆனால் பள்ளத்தில் தண்ணீர் ஓடுவது போலக் காற்று நேராகத் தாழ்வுக்குள் ஓடிவிடாது, கீழே பூமி சுழல்கிறது. வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று வலப்பக்கம் விலகுகிறது, தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். விளைவு, வடக்கே தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். டச்சு வானிலையாளர் பைஸ் பலோட் 1857இல் இதை ஒரு சுலபமான விதியாகச் சொன்னார்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கட்டடங்கள் இல்லாத திறந்தவெளியில் இன்றைக்கும் செய்து பார்க்கலாம்.

வானிலைச் செய்திகளில் வரும் ‘குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்ற தொடரைப் பற்றி எனக்கு ஒரு சின்ன முறையீடு உண்டு. குறைந்த என்றும் சொல்லி, தாழ்வு என்றும் சொல்லி ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறது, கேட்கிறவர்களில் பாதிப்பேர் கடலில் ஏதோ பள்ளம் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது போகட்டும். அந்தப் பகுதி எப்படி உருவாகிறது என்பதில்தான் உண்மையான புதிர் இருக்கிறது. நாலாபக்கமும் காற்று உள்ளே வந்து குவிகிறது என்றால் அங்கே காற்று அதிகமாகி அழுத்தம் கூடத்தானே வேண்டும்? எப்படிக் குறைந்துகொண்டே போகிறது?

விடை மேலே இருக்கிறது. வெதுவெதுப்பான கடலுக்கு மேல் ஒரு காற்றுத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். சூடானதும் அது உயரமாக நீள்கிறது. நீண்டதால் மேல்மட்டத்தில் பக்கத்துக் குளிர்ந்த தூண்களை விட அங்கே அழுத்தம் கூடிவிடுகிறது, கூடியதால் மேலே இருக்கும் காற்று வெளிப்பக்கம் வழிந்தோடுகிறது. தூணிலிருந்து காற்று போய்விட்டதால் அடியில் எடை குறைகிறது, அடியில் எடை குறைந்ததால் சுற்றிலும் இருந்து காற்று உள்ளே வருகிறது. வந்த காற்று போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது, எழும்பினால் விரிந்து குளிர்கிறது, குளிர்ந்தால் அதிலிருக்கும் நீராவி மேகமாகிறது, மேகமாகும்போது நீராவி ஒளித்து வைத்திருந்த வெப்பம் வெளியே வந்து தூணை இன்னும் சூடாக்குகிறது. மேலே வெளியேறுவது கீழே உள்ளே வருவதை விட அதிகமாக இருக்கும் வரை அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். திறந்த குழாயில் நீர் வந்துகொண்டிருந்தாலும் அடியில் அதைவிடப் பெரிய ஓட்டை இருந்தால் தொட்டி காலியாகத்தானே செய்யும்.

எவ்வளவு காலியாகும்? கடல்மட்டத்தில் பதிவானவற்றில் மிகக் குறைந்த அழுத்தம் 1979 அக்டோபர் 12இல், மேற்குப் பசிபிக்கில் டிப் என்னும் சூறாவளியின் மையத்தில், 870 ஹெக்டோபாஸ்கல். சாதாரண நாளை விட 140 குறைவு. இதை எடையாக மாற்றிப் பாருங்கள், அந்த மையத்தில் கடலின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் இருக்க வேண்டிய காற்றில் ஏறக்குறைய 1.4 டன் காணவில்லை. மேலிருந்த சுமை குறைந்ததால் கடலே அங்கே உப்பிக்கொள்ளும், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு, அப்படிப் பார்த்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. புயலின்போது கரையேறும் கடல்நீரில் இது சின்னப் பங்குதான், பெரும்பங்கு காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளுவதால் வருவது.

மறுகோடியில், சைபீரியாவின் அகாட்டாவில் 1968 டிசம்பர் 31 அன்று 1083.8 பதிவானது. பனிபடர்ந்த நிலம், தெளிவான வானம், நீண்ட இரவு, கெட்டியாகிக் கனத்துப்போன குளிர்காற்று. உயரழுத்தத்தில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, இறங்கினால் அமுங்கிச் சூடாகும், மேகம் கரைந்துவிடும், அதனால் வானம் வெளுத்திருக்கும். இதை வைத்துக்கொண்டு ‘தாழ்வு என்றால் மழை, உயர்வு என்றால் வெயில்’ என்று மனப்பாடம் செய்துவிடுவது எளிது, ஆனால் ஓட்டை உண்டு. கோடையில் பெரும் பாலைவனங்களுக்கு மேல் வெப்பத்தால் தாழ்வழுத்தம் உருவாகி வாரக்கணக்கில் நிற்கும், துளி மழை இருக்காது, ஈரம் இருந்தால்தானே மேகம். அதேபோல் குளிர்காலத்து உயரழுத்தம் நகரங்களின் மேல் மூடி போட்டதுபோல உட்கார்ந்து புகையையும் மூடுபனியையும் நாள்கணக்கில் அடைத்து வைத்துவிடும், வெயில் எங்கே என்று கேட்க வேண்டியதுதான்.

இன்னொரு பரவலான எண்ணம், ஈரக்காற்று கனமானது என்பது. புழுக்கமான நாளில் காற்று கனத்துக் கிடப்பது போலத் தோன்றும். உண்மையில் நீராவி மூலக்கூறின் எடை 18, அது இடம்பிடித்துத் தள்ளும் உலர்காற்றின் சராசரி 29, ஆக ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக்காற்றுதான் லேசானது. கனமாக இருப்பது நம் வியர்வை உலராத அலுப்பு.

மூட்டுவலிக்காரர்கள் மழை வருவதை முன்கூட்டியே உணர்வார்கள் என்று சொல்வதுண்டு. ஆய்வு முடிவுகள் இதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, நான் யாருடைய வலியையும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சாதாரணமாக ஒரு நாளில் வானிலையால் அழுத்தம் பத்து ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அதுவே பெரிய மாற்றம். உயரமான கட்டடத்தில் லிஃப்டில் எண்பது மீட்டர் ஏறினால் ஒரு நிமிடத்தில் அதே பத்து இறங்கிவிடுகிறது, அப்போது முழங்கால் ஒன்றும் சொல்வதில்லையே.

முன்னறிவிப்புக்கு வருவோம். கெரிக்கே நீர் நிரப்பிய உயரமான குழாய் ஒன்றை வைத்திருந்தார், 1660இல் அது மளமளவென்று இறங்கியதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று சொன்னார், வந்தது. பிரிட்டனில் 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு ஃபிட்ஸ்ராய் என்னும் கடற்படை அதிகாரி, தந்தி மூலம் பல இடங்களின் அழுத்தத்தை ஒரே இடத்தில் சேர்த்து, 1861 முதல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். இருவரும் பார்த்தது ஒன்றைத்தான், எண் எவ்வளவு என்பதை விட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. 1005 என்பது நேற்று 1004ஆக இருந்திருந்தால் ஒரு சேதியும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு முன் 1010ஆக இருந்திருந்தால் பெரிய சேதி. இன்றும் வானிலை நிலையங்கள் அழுத்தத்தோடு கடந்த மூன்று மணி நேரத்தில் அது எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்தே அனுப்புகின்றன.

அப்புறம், வெப்பமண்டலத்தில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கினால் முதல் நாளே ஒரு பயம் வரும். மதியத்துக்கு மேல் எண் இறங்கிக்கொண்டே போகும், வானம் தெளிவாக இருந்தாலும். காரணம், வளிமண்டலத்துக்கும் ஓதம் உண்டு. கடலைப் போல நிலாவின் ஈர்ப்பால் வருவது அல்ல, சூரிய வெப்பத்தை ஓசோனும் நீராவியும் உறிஞ்சுவதால் வளிமண்டலம் முழுவதும் நாளுக்கு இருமுறை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் பள்ளம், இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடிகாலை நான்குக்கு மறுபடி பள்ளம். வெப்பமண்டலத்தில் ஏற்ற இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். தென் அமெரிக்காவில் பயணம் செய்த ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், அழுத்தம் காட்டும் பாரோமீட்டரைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் போலிருக்கிறதே என்று வியக்கும் அளவுக்கு அது ஒழுங்காக நடந்தது.

வெப்பமண்டலக் கடல்களில் போகும் மாலுமிகள் இந்த ஒழுங்கையே எச்சரிக்கை மணியாக வைத்துக்கொண்டார்கள். வெறும் எண்ணைப் பார்க்க மாட்டார்கள், அந்த இடத்துக்கு, அந்த மாதத்துக்கு, அந்த வேளைக்கு வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அதோடு ஒப்பிடுவார்கள். வழக்கத்தை விட மூன்று மில்லிபார் குறைந்தால் கண்ணை விழித்துக்கொண்டிருக்க வேண்டும், ஐந்து குறைந்தால் பக்கத்தில் எங்கேயோ சுழல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கப்பலைத் திருப்ப வேண்டும். மாலை நான்கு மணிக்கு இறங்கினால் பரவாயில்லை, அது தினமும் இறங்குவது. காலை பத்து மணிக்கு ஏற வேண்டிய பாதரசம் ஏறாமல் அப்படியே நின்றால்தான் ஆட்களைக் கூப்பிட்டுத் தளத்தில் கிடக்கும் சாமான்களைக் கட்டச் சொல்வார்கள்.